புகையும் கப்பலும்: திருகோணமலையில் நான்கு நாள்

ஏப்ரல் 7, திங்கள் – உவர்மலை

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. புது வருசத்துக்கு ஒரு கிழமைதான் இருக்கிறது, ஊருக்குப் போகிற சனம் கொழும்பிலேயே ஏறிவிட்டதால் ஹபரணை வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். உவர்மலையில் மாமா வீடு. படலையைத் திறந்ததும் மாமி கேட்ட முதல் கேள்வி, "தம்பி, குளிச்சிட்டுச் சாப்பிடுறீங்களோ, சாப்பிட்டிட்டுக் குளிக்கிறீங்களோ?" குளித்துவிட்டு வந்தேன். பாரை மீன் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், பொரித்த மிளகாய். கொழும்பில் நாங்கள் வாங்குகிற பாரைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காலையில் வள்ளத்தில் வந்த மீன், மதியம் சட்டியில். இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

எதற்கு வந்தேன் என்பதையும் எழுத வேண்டும். எங்கள் அம்மம்மா 1933இல் இந்த ஊரில்தான் பிறந்தார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரர் திருமலைக்குக் குண்டு போட்டபோது அவருக்கு ஒன்பது வயது. நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது வானத்தில் இடி இடித்தால் "யப்பான்காரன் வந்திட்டான்" என்பார். சீனக்குடாப் பக்கம் எண்ணெய் எரிந்து கறுப்புப் புகை மேலே போனதையும், வீட்டோடு எல்லோரும் மாட்டுவண்டியில் தம்பலகாமம் போனதையும், வண்டியில் தன் கோழிக்கு இடம் கொடுக்கவில்லை என்று தான் அழுததையும் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். எத்தனை தரம் சொன்னாலும் அந்தப் புகையில் கதை முடிந்துவிடும்.

அதே நாள் காலை, அதே ஜப்பான் கடற்படையின் விமானங்கள் தெற்கே மட்டக்களப்புக் கடலில் ஒரு கப்பலை மூழ்கடித்ததை நான் அறிந்ததே போன வருசம்தான். அந்தக் கப்பலில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். கப்பல் முதல் நாள் வரைக்கும் எங்கள் துறைமுகத்தில்தான் நின்றிருக்கிறது. அம்மம்மா வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இவ்வளவு பெரிய விசயம் எங்கள் வீட்டுக் கதையில் ஏன் இல்லை என்ற கேள்வி பிறகு மனதை விட்டுப் போகவே இல்லை. சரி, அந்தத் திகதியிலேயே போய் நின்று பார்ப்போம் என்று லீவு போட்டுவிட்டு வந்தேன்.

பின்னேரம் டச்சுபே கடற்கரை. கச்சான் ஒரு சுருள் நூறு ரூபாய். விற்ற அம்மா சுருளைத் தந்த பிறகும் கையால் இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டார். கடல் தட்டையாக, குளம் போலக் கிடந்தது. சித்திரை மாசத்தில் இந்தப் பக்கம் அப்படித்தான் இருக்கும் என்றார் மாமா.

ஏப்ரல் 8, செவ்வாய் – சீனக்குடா, நிலாவெளி வீதி

காலையில் இடியப்பம், சொதி, மாசிச் சம்பல். ஓட்டோக்காரத் தம்பி கிண்ணியாவைச் சேர்ந்தவர், இருபத்திரண்டு வயது இருக்கும். சீனக்குடாவும் யுத்த மயானமும் பார்த்துவிட்டு வர மூவாயிரம் என்றார். பேரம் பேசவில்லை, நியாயமான விலைதான்.

சீனக்குடாவுக்குப் போகிற வழியில், காட்டு மரங்களுக்கு மேலே எண்ணெய்த் தாங்கிகளின் வட்ட முதுகுகள் அங்கங்கே தெரியும். 1930களில் பிரிட்டிஷ்காரர் கட்டியவை. இப்போது 99 தாங்கி என்று எல்லோரும் சொல்வார்கள். குண்டு போட்ட அன்று ஒரு ஜப்பான் விமானம் ஒரு தாங்கியின் மேல் விழுந்து எரிந்தது. வேண்டுமென்றே மோதினார்கள் என்றுதான் இங்கே கதை. தீ ஏழு நாள் எரிந்ததாம். அம்மம்மா கண்ட புகை அதுதான். அந்தத் தாங்கியைக் கிட்டப் பார்க்க ஆசைப்பட்டேன், ஆனால் வாசலில் நின்ற காவலர் அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார், வெயிலில் நிற்காமல் நிழலுக்கு வரச் சொல்லித் தண்ணீரும் தந்தார். எனக்குத்தான் முதலே விசாரிக்கத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது உட்துறைமுக வீதியில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். இந்தத் துறைமுகத்தைப் பார்க்காதவர்களுக்கு எழுத்தில் காட்டுவது கஷ்டம். மலைகள் சுற்றி நிற்க, நடுவில் கடல் உள்ளே வந்து படுத்திருக்கிறது. ஒரு முழுக் கடற்படையை ஒளித்து வைக்கலாம் போல இருக்கும். மேலிருந்து பார்க்கிறவனுக்கு மட்டும் ஒளிக்க முடியாது, 1942இல் நடந்ததும் அதுதான். சாகாயிங் என்ற சரக்குக் கப்பல் குண்டு பட்டு எரிந்து, பிறகு உள்ளேயே மூழ்கியது. 75 வருசம் தண்ணிக்குள் கிடந்த அதை 2018இல் இலங்கைக் கடற்படையினர் மிதக்கவைத்து வெளியே எடுத்தார்கள். ஓட்டோத் தம்பிக்கு அது ஞாபகம் இருந்தது. "பெரிய வேலை அண்ணன் அது, பாக்க ஆக்கள் போனாங்க" என்றார்.

மயானம் நிலாவெளி வீதியில், உப்புவெளிப் பக்கம். வாசலுக்குள் போனதும் சத்தம் குறைந்துவிடுகிறது. புல் வெட்டி, செடிகள் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் மண்ணைக் கிளறி அவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். வயதுகளைத்தான் வாசித்துக்கொண்டு போனேன். 19, 20, 22, 21. கடற்படை, விமானப்படை, இந்தியப் பெயர்கள், பெயரே தெரியாத சிலர். இது மண்ணில் கிடைத்தவர்களுக்கான இடம். கடலோடு போனவர்களின் பெயர்கள் இங்கிலாந்தில், போர்ட்ஸ்மத், பிளிமத், சாத்தம் துறைமுகங்களில் நிற்கிற நினைவுத்தூண்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. இங்கேயிருந்து அத்தனை ஆயிரம் மைல் தள்ளி.

புல் வெட்டிக்கொண்டிருந்த ஐயா கிட்ட வந்து யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன். அவர் ஒன்றும் விசித்திரமாக எடுக்கவில்லை. "பாருங்கோ, ஆறுதலாப் பாருங்கோ" என்றுவிட்டுப் போய், கொஞ்ச நேரத்தில் ஒரு பிளேன்டீயோடு திரும்பி வந்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை.

இரவு சாப்பிட்ட பிறகு மாமாவோடு கொஞ்சம் நடந்தேன். 1942இல் இதே இரவுதான் அந்தக் கப்பல் புறப்பட்டது. எச்.எம்.எஸ். ஹேர்மிஸ். விமானம் தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு உலகத்தில் முதன்முதல் கட்டத் தொடங்கிய கப்பல் அது. 1918இல் அடி போட்டு 1919இல் கடலில் இறக்கினார்கள். ஜப்பான்காரர் அதற்குப் பிறகு தொடங்கிய ஹோஷோ கப்பலை முந்திக்கொண்டு முடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை. ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்து, டோர்செட்ஷயர், கோர்ண்வோல் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் கடலில் போயிருந்தன. அடுத்தது திருமலைதான் என்று செய்தி வந்ததும் ஹேர்மிஸை இரவோடு இரவாகத் தெற்கே போகச் சொன்னார்கள். துணைக்கு வம்பயர் என்ற ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல். கப்பலில் இருக்க வேண்டிய விமானங்கள் சீனக்குடாவில், தரையில் நின்றன. ஒரு விமானமும் இல்லாமல்தான் அந்த விமானம் தாங்கிக் கப்பல் வெளியே போனது.

அதாவது, காப்பாற்றத்தான் அனுப்பினார்கள். இதை மாமாவுக்குச் சொன்னபோது அவர் நடையை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து, "நாங்களும் எத்தினை தரம் அப்பிடி ஓடினனாங்கள்" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 9, புதன் – மூதூர், வெருகல், பாலமீன்மடு

இன்றைக்கு ஒரு திட்டம் இருந்தது. ஹேர்மிஸின் மேல் முதல் குண்டு விழுந்தது காலை 10.35 அளவில். அந்த நேரத்துக்கு மட்டக்களப்பு வெளிச்சவீட்டடியில், கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். முதல் பஸ் வரவே இல்லை. இரண்டாவது, ஏழே முக்காலுக்கு வந்தது. கிண்ணியாப் பாலத்தால் போகும்போது இரண்டு பக்கமும் வெயில் பட்டுத் தண்ணி பளபளத்தது. மூதூரில் தயிர்ச் சட்டிகளோடு இரண்டு பேர் ஏறினார்கள், ஒருவர் தன் சட்டியை என் மடியில் வைத்து, "தம்பி, கொஞ்சம் பிடிங்க, சாஞ்சிடாம" என்றார். வெருகல் வரைக்கும் அந்தச் சட்டி என் பொறுப்பில் இருந்தது.

வெருகல் ஆற்றைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் பின் சக்கரம் பெரிய சத்தத்தோடு போய்விட்டது. மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. நேரம் பத்தே கால். நடத்துநர் யாருக்கோ போன் எடுத்துவிட்டு, ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார். ஒருவரும் சத்தம் போடவில்லை. எல்லோரும் இறங்கி ஒரு வேப்பமர நிழலில் ஒதுங்கினோம். வீதியோரத்தில் வத்தகப்பழம் குவித்து வைத்திருந்த பொடியன், நடுத்தரப் பழம் ஒன்று நானூறு என்றான். ஒரு தாத்தா இரண்டு வாங்கி, அங்கேயே வெட்டுவித்து, தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரு கீற்றுக் கொடுத்தார். எனக்கும் கிடைத்தது. சுட்டுக்கொண்டிருந்த பழம், ஆனால் அப்படி ஒரு இனிப்பு.

10.35க்கு நான் அங்கே, கையில் வத்தகப்பழத்தோடு, கடல் தெரியாத ஒரு வீதியில் நின்றேன். முதலில் கண் கலங்கும் அளவுக்கு ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

திருமலையில் குண்டு போட்டுவிட்டு விமானங்கள் திரும்பிய பிறகு ஹேர்மிஸைத் துறைமுகத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அது வடக்கே திரும்பிக் கரையோரமாக வந்துகொண்டிருந்தது. அதற்கு முதலே ஹருனா என்ற ஜப்பான் போர்க்கப்பலின் வேவு விமானம் கண்டுவிட்டது. ஜப்பான் தளபதி நகுமோவின் விமானம் தாங்கிக் கப்பல்களிலிருந்து 85 குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. நாலு மாதம் முதல் பேர்ள் துறைமுகத்தை அடித்தவரும் இதே நகுமோதான். ஹேர்மிஸ் விமான உதவி கேட்டது. சீனக்குடா விமானங்கள் காலைச் சண்டையிலேயே அடி வாங்கிப் போயிருந்தன, வேறு இடத்திலிருந்து புறப்பட்டவை வந்து சேர நேரம் போதவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் குத்திட்டு இறங்கிய விமானங்கள் போட்ட குண்டுகளில் விமானங்களை மேல்தளத்துக்கு ஏற்றுகிற முன்பக்க லிப்ட் பிய்ந்து போனது, மேல்தளத்தில் நின்ற கப்டன் ஒன்ஸ்லோவும் இறந்தார். 10.55க்குக் கப்பல் இல்லை.

இருபது நிமிடம். வேப்பமரத்தடியில் அதே இருபது நிமிடத்தை நான் முழுதாக நின்று பார்த்தேன். தாத்தா பழத்தை வெட்டுவித்து, கொடுத்து, தோலைப் பொறுக்கி மாட்டுக்குப் போட்டு முடித்த நேரம் அது. ஒரு குழந்தை தாயின் மடியில் நித்திரையாகிவிட்டது. அவ்வளவு நேரம்தான்.

பிறகு வம்பயரை அடித்தார்கள், அது இரண்டாக உடைந்தது. அதில் ஒன்பது பேர். அதற்கும் பிறகு ஹொலிஹொக் என்ற சிறிய காவல் கப்பல், 53 பேர். இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் போயின. விட்டா என்ற மருத்துவக் கப்பல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. விமானங்கள் அதைத் தொடவில்லை. தண்ணிக்குள் எண்ணெய் பூசிய முகங்களோடு மிதந்துகொண்டிருந்தவர்களில் ஏறத்தாழ 600 பேரை அதுதான் அள்ளி எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனது. வாசித்த நாளிலிருந்து இந்த இடம்தான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. ஆயிரம் பேருக்கு முடிந்துவிட வேண்டிய காலை, ஒரு கப்பல் பக்கத்தில் நின்றதாலும், அதன் வெள்ளைப் பக்கத்தில் இருந்த சிவப்புச் சிலுவையை மேலே நின்றவன் மதித்ததாலும் அறுநூறு பேருக்கு முடியவில்லை.

பன்னிரண்டரைக்குச் சக்கரம் வந்தது. மட்டக்களப்பு போய்ச் சேரும்போது இரண்டரை. பசி. நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சோறு, கணவாய்க் கறி, நானூற்றைம்பது. பிறகு ஓட்டோவில் பாலமீன்மடு.

வெளிச்சவீடு 1913இல் கட்டியது. ஹேர்மிஸ் கிடக்கிற இடம் கரையிலிருந்து ஒன்பது கிலோமீற்றர் அளவு. தண்ணிக்குள் கிடந்தவர்களுக்கு இந்த வெள்ளைக் கோபுரம் தெரிந்திருக்கும். அதை யோசித்தபடி கீழே நின்றபோது, வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு ஐயா, "இரிங்க மகன், வெயில்ல நிக்காதீங்க" என்று வள்ளத்தின் நிழலைக் காட்டினார். அறுபது வயது மதிக்கலாம். எதற்கு வந்தேன் என்று சொன்னேன்.

"அந்தக் கப்பலா?" என்றார், பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்ட மாதிரி.

அவருக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். வலை போடுவதில்லை, இரும்பில் சிக்கினால் வலை போய்விடும், தூண்டில் மட்டும்தான் என்றார். கலவாய் பிடிபடும், பாரை பிடிபடும், நல்ல நாளில் பெரிய சீலாவும். எப்படி இடத்தைக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். இப்போது பொடியன்கள் ஜிபிஎஸ்ஸில் போகிறார்கள். அவருடைய அப்பா காலத்தில் கரையைப் பார்த்துத்தான். மண்ணில் விரலால் கீறிக் காட்டினார். வெளிச்சவீட்டுக்கு நேர் பின்னால் ஒரு பனை வர வேண்டும், இது ஒரு கோடு. தெற்கே ஒரு கோவில் கோபுரத்துக்கும் அதற்குப் பின்னால் உள்ள மரத்துக்கும் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கல்லைக் கட்டிக் கயிற்றை விட்டால், கயிறு மற்ற இடத்தைவிடக் குறைந்த ஆழத்தில் போய் நிற்கும். "அப்ப கப்பல்ல இருக்கம் எண்டு அர்த்தம்." ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில், சரிந்து கிடக்கிற ஒரு கப்பல் அவருடைய அப்பாவுக்குக் கைக்கயிற்றில் தெரிந்திருக்கிறது. அந்தப் பனை இப்போது இல்லை. சுனாமியில் போய்விட்டது.

அன்றைக்கு வெள்ளைக்காரர் சிலர் நீந்தியே கரைக்கு வந்ததாகவும், ஊர்ச் சனம் இளநீர் வெட்டிக் கொடுத்ததாகவும் தன் அப்பப்பா சொல்லுவார் என்றார். "எண்ணெயில கறுத்துப் போய் வந்தாங்களாம். முதல்ல ஆரெண்டே தெரியல்லியாம்." புறப்படும்போது என் கையைப் பிடித்து, அடுத்த தரம் விடியப்புறம் நாலு மணிக்கு வந்தால் கூட்டிக்கொண்டு போகிறேன், காசு வேண்டாம், டீசலுக்கு மட்டும் பார்ப்போம் என்றார்.

கடைசி பஸ்ஸைப் பிடித்து உவர்மலைக்கு வந்து சேர இரவு பத்தரை. வழியில் வாகரைக்கு இங்கால் நல்ல இடி மழை. ஒவ்வொரு இடிக்கும் அம்மம்மாவின் குரல் காதில் கேட்டது.

ஏப்ரல் 10, வியாழன் – உவர்மலை

பின்னேர பஸ்ஸில் திரும்புகிறேன். விடிய எழும்பிக் கோணேசர் கோவிலுக்குப் போனேன். கோட்டை வாசலில் மான்கள் படுத்திருந்தன, ஒரு குட்டி என் செருப்பை மணந்து பார்த்துவிட்டுப் போனது. சுவாமிமலை உச்சியிலிருந்து தெற்கே பார்த்தால் கடல் மட்டும்தான். அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மதியம் மாமி சூரை மீன் வெள்ளைக்கறி வைத்திருந்தார். சாப்பிடும்போது நேற்றைய விசயம் எல்லாவற்றையும் சொன்னேன், வேப்பமரம், கயிறு, கோடு எல்லாம். சொல்லிவிட்டு, "அம்மம்மாவுக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போய்விட்டது மாமா, புகையோடு கதை முடிந்துவிட்டது" என்றேன்.

மாமா சாப்பிடுகிற கையை நிறுத்தினார்.

"ஆர் சொன்னது?" என்றார். "சுனாமி நேரம் நீ இங்க இல்லை. அந்த மாசம் ஊரில ஒருத்தரும் கடல் மீன் தின்னேல்ல. ஆக்கள் கடலுக்குள்ள போன நேரம், எப்பிடித் தின்னுறது? அப்ப அம்மா சொன்னவ, எனக்கு இது ரெண்டாம் தரமெண்டு. நாப்பத்திரண்டில தம்பலகாமத்தால திரும்பி வந்த பிறகு, கன நாள் அவவின்ர அய்யா மீன் வாங்கேல்லையாம். கடல்ல வெள்ளைக்காரப் பிள்ளையள் கிடக்கினம் எண்டு சொன்னவராம். வீட்டில இருந்த கருவாடு மட்டுந்தானாம். அதுவும் குண்டு போட முதல் காய வைச்ச கருவாடு."

மாமி எழும்பி வந்து, இன்னும் கொஞ்சம் கறி போடவா என்று கேட்டார். நான் கோப்பையைப் பார்த்தபடி இருந்தேன். சூரை மீன் துண்டு இரண்டு, தேங்காய்ப்பாலில், மேலே கறிவேப்பிலை.

"கருவாடு எத்தனை நாளுக்கு வந்ததாம் மாமா?" என்று கேட்டேன்.

"அது சொல்லேல்ல" என்றார்.